கடைசியாகத் தெரிந்த பெயர்

"அதனாலயா?" என்று மாமி கேட்டார். இந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆறு வாரம் பிடித்தது. சொன்ன பதில் சரிதானா என்பதில் இன்றும் சந்தேகம் உண்டு. விஷயம் என்னவோ ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆரம்பிக்கும்போதே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இதில் விசாரம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு அருகே ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்த நண்பர் 2019 நவம்பரில் காலமானார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஓய்வு பெற்ற பிறகு மொழிபெயர்ப்பில் உட்கார்ந்தவர். எதையும் முடித்தவரல்ல. முடிக்காமலிருப்பதற்கு அவரிடம் ஒரு கோட்பாடே இருந்தது. அதையும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. 2004இல் ரிச்சி தெருவில் சொல்லிப் பொருத்தி வாங்கின பெட்டி ஒன்று, பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, பதினைந்து வருஷம் அவர் மேஜையை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு மாமி அதன்மேல் ஒரு பழைய வேஷ்டியைப் போர்த்திவிட்டார். பிறகு கொரோனா வந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போகாத இரண்டு வருஷம். 2022 ஜனவரியில்தான் வெளிநாட்டிலிருக்கும் பையன் அப்பா எழுதினதையெல்லாம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்க, நான் அடையாறிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

மாமி வேஷ்டியை எடுத்தார். பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. ஒரு பீப் ஒலி. கறுப்புத் திரையில் நினைவகத்தை எண்ணிக் காட்டியது. பிறகு விண்டோஸ் சின்னம். அதன் கீழே பட்டையில் மூன்று நீலக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடின. நாலாவது ஓட்டத்தில் பாதி வழியில் நின்றன. விசைப்பலகையில் எதை அமுக்கினாலும் பதில் இல்லை. இதை உறைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். ஆனால் உறைதலில் ஒரு படிப்படியான போக்கு உண்டு. பால் தயிராக உறைகிறது. இது அப்படியில்லை. பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டது போல.

அப்போதுதான் மாமி சொன்னார்: "அன்னிக்கு இதை அணைச்சது நான்தான். அவர் சொல்லிண்டே இருப்பார், சுவத்து ஸ்விட்ச்சை அப்படியே அணைக்கப்படாது, உள்ளேர்ந்து மூடிட்டுதான் அணைக்கணும்னு. அன்னிக்கு ஆம்புலன்ஸ் கீழே வந்து நிக்கறது. ஸ்ட்ரெச்சர் மாடிப்படியில திரும்பலை. போற அவசரத்துல எல்லா ஸ்விட்ச்சையும் தட்டிட்டுப் போயிட்டேன். அதனாலயா?"

இல்லை மாமி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள் என் நண்பர்களில் பாதிப் பேர். நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு கெடலாம், இயங்குதளத்துக்கு வேண்டிய ஒரு துணுக்கு பழுதாகலாம் என்பது அந்தக் கேள்விக்குள் இருந்த உண்மை. மாமி ஒன்றும் மூடநம்பிக்கையாகக் கேட்கவில்லை.

கோப்புகள் கிடைத்துவிட்டன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டைக் கழற்றி, ஒரு இணைப்பான் வழியாக என் கம்ப்யூட்டரில் பொருத்தியதும் எல்லாம் தெரிந்தன. திறந்தால் மட்டும் பிரெஞ்சுக்காரன் காய்ச்சலில் உளறினது போலக் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகள். யுனிகோடு வீட்டுக்கு வீடு வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தி டாப், டாம் என்று இரண்டை அரசு ஏற்ற பிறகும் பழையவை ஒழியவில்லை. 2010இல்தான் அரசு யுனிகோடுக்கு வந்தது. நண்பர் கடைசிவரை அந்தப் பழைய எழுத்துருவிலேயே தட்டிக்கொண்டிருந்தார். மாற்றி எடுக்க ஒரு சாயங்காலம் போயிற்று. பையனுக்கு அனுப்பினேன். நன்றி சொல்லி, பெட்டியை இனித் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எழுதிவிட்டான். காரியவாதிக்கு விவகாரம் அங்கே தீர்ந்துவிட்டது. கேள்வி தீரவில்லை.

ரிச்சி தெருவிலிருந்து ஒரு பையனை மாமியே அழைத்திருந்தார். கெட்டிக்காரன். அரை மணியில் பக்கப் பலகையைக் கழற்றி, ஊதுகுழாயால் தூசியை ஊதி, நினைவகத் தகட்டின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, காசளவு இருக்கும் 3 வோல்ட் பாட்டரியை மாற்றி, மூடினான். போட்டான். ஓடியது. மாமி அவனையும் கேட்டார், அதனாலயா என்று. "அதெல்லாம் இல்ல மாமி, டஸ்ட்டுதான்" என்றான். மாமியின் முகத்தில் ஒரு இறுக்கம் விட்டதை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. மூன்று காரியத்தை ஒரே சமயத்தில் செய்தவனுக்கு எது பலித்தது என்று எப்படித் தெரியும்? மூன்றுமே பலிக்காமல் தானாகவும் ஓடியிருக்கலாமே. ஆனால் என் கோபத்தில் பொறாமையும் இருந்தது. நான் கொடுக்கத் தயங்கியதை அவன் முந்நூறு ரூபாய்க் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். நாலாம் நாள் பெட்டி மறுபடி நின்றது. மாமி போனில் தூசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "திரும்ப நின்னுடுத்து" என்றார். அவ்வளவுதான்.

கெட்டுப்போன கருவிதான் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று ஹைடெக்கர் 1927இல் சொன்னதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு இன்னொரு தரம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அந்தச் சுத்தியல் நம்மிடையே ரொம்பவும் அடிபட்டுவிட்டது. அவர் சொல்லாத ஒன்று எனக்கு அந்த மேஜையில் தெரிந்தது. கெட்டுப்போன கருவி தன்னைக் காட்டுவதற்கு முன்னால், கடைசியாக அதைத் தொட்டவரைக் காட்டுகிறது.

தமிழில் இதற்கு ஒரு சௌகரியமான சொல் இருக்கிறது. காரணம். மழைக்குக் காற்றழுத்தம் காரணம் என்கிறோம். குடும்பம் சிதறியதற்கு அவன்தான் காரணம் என்கிறோம். முதலாவது விளக்கம், இரண்டாவது குற்றச்சாட்டு. சொல் ஒன்றே. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை டீக்கடைகளில் இந்தச் சொல் பட்ட பாட்டை நான் கேட்டிருக்கிறேன். அன்று பெய்த மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், ஆற்றை நெருக்கிக் கட்டின வீடுகள், தூர்ந்த கால்வாய்கள் என்று எல்லாம் தெரிந்தவர்களும் கடைசியில் கேட்டது ஒன்றைத்தான்: யார் காரணம்? பல சங்கதிகள் கூடி ஒன்றை விளைவிக்கின்றன என்பதை நம் புத்தி ஒப்புக்கொள்கிறது, மனம் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு ஒரு முகம் வேண்டும். அடுத்தவன் முகம் கிடைக்காவிட்டால் தன் முகத்தையாவது வைத்துக்கொள்ளும்.

மாமியின் "அதனாலயா"வில் இருந்தது இந்த இரண்டாவது காரணம். நான் தேடப் புறப்பட்டதோ முதலாவது. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கே பாதி வழியில்தான் புரிந்தது.

என் முறை எளியது. ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். போட்டுப் பார்த்து, எங்கே நின்றது என்று எழுதுவது. பலன் இல்லையென்றால் செய்த மாற்றத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போவது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. இதைப்போல் மனிதசுபாவத்துக்கு விரோதமான காரியம் வேறில்லை என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். மூன்றாவது தடவையே கை பரபரக்கிறது, இதையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்று. சேர்த்து மாற்றினால் ஓடக்கூடும். ஆனால் எதனால் ஓடிற்று என்பது என்றைக்குமாகத் தொலைந்துபோகும். பலன் வேண்டுமா, அறிவு வேண்டுமா என்ற பழைய கேள்வியைப் பெட்டி ஒவ்வொரு தடவையும் கேட்டது. (விமர்சகர்கள் இந்த ஒழுக்கத்தைப் பழகினால் நல்லது. ஒரு கவிதை ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வருகிறவர் கவிஞனின் ஜாதி, வாசிப்பு, படிமம், அரசியல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டுவிட்டு, கண்டுபிடித்துவிட்டதாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார்.)

எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் தடயம். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் பழுது உடம்பில் இருக்கிறது என்று கொள்ளலாம். இது ஒரு தரம் நினைவகத்தை எண்ணும்போதே நின்றது, ஒரு தரம் சின்னத்தில், ஒரு தரம் மேஜைத் திரை வந்து ஐகான்கள் வரிசையாக முளைத்துக்கொண்டிருக்கையில். காலையில் நின்றது, நாலைந்து தடவை போட்டுச் சூடான பிறகு ஓடியது. பாதுகாப்பு முறை என்ற ஒன்று உண்டு. எஃப்8 விசையை அமுக்கி அதில் நுழைந்தால் சின்னத்துக்குப் பதிலாக, ஏற்றப்படும் நிரல்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். ஓடின. கடைசியில் ஒரு பெயரோடு நின்றன. மப் டாட் சிஸ்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். தேடிப் பார்த்ததில், என்னைப்போல் உலகமெங்கும் பலர் பிடித்திருக்கிறார்கள். எக்ஸ்பி இருந்த காலமெல்லாம் பாதுகாப்பு முறையில் நின்றுபோன பெட்டிகளின் சொந்தக்காரர்கள் அந்தப் பெயரைக் கண்டு, அந்தக் கோப்பை முடக்கிப் பார்த்து, மாற்றிப் பார்த்து, சபித்திருக்கிறார்கள். அது ஒரு அப்பாவி. இணைப்பில் உள்ள வேறு கம்ப்யூட்டர்களின் பகிர்வுக் கோப்புகளுக்கு வழிகாட்டும் சின்ன நிரல். பட்டியலில் அது கடைசி என்பதால் அதன் பெயர் கடைசியாகத் தெரிகிறது. அது ஏற்றப்பட்டுவிட்டது என்பதற்குத்தான் அந்த வரி சாட்சி. தடுக்கி விழுந்தது அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒன்று. அதன் பெயர் திரைக்கு வரவே இல்லை. தன் வேலையை ஒழுங்காக முடித்த கடைசி ஆளின் பெயரைக் குற்றவாளியின் பெயராக உலகம் வாசித்திருக்கிறது.

அந்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. திரையில் பார்த்தது மாமியைத்தான் என்று தோன்றியது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். ஹ்யூம் 1739இல் இதை மேலே கொண்டுபோனார்: ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் பார்க்கிறோம், ஒன்று மற்றதை விளைவிப்பதைப் பார்த்தவர் யாருமில்லை, பழக்கம்தான் முடிச்சுப் போடுகிறது என்று. எனக்கு இதைவிட நியாய சாஸ்திரக்காரர்கள் பேரில்தான் ஈடுபாடு. மயிலாப்பூரில் 1906இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய கழுதை ஞாபகம் வரும். பானைக்குக் காரணம் என்ன? மண், சக்கரம், கோல், குயவன். மண் சுமந்து வந்த கழுதை? அதுவும் பானைக்கு முன்னால் அங்கே இருந்ததுதான். குயவனின் தகப்பனும் முன்னால் இருந்தவன்தான். ஆனால் இவை காரணமாகா என்று தள்ளி, இப்படி முன்னால் இருந்தும் காரணமாகாதவற்றுக்கு அன்யதாசித்தம் என்று பெயர் வைத்து, ஐந்து வகையாகவும் பிரித்தார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் காரணங்களைத் தேடியிருக்கிறார்கள். காரணமில்லாதவர்களை விடுவிப்பதற்கென்று ஒரு அட்டவணை போட்டவர்கள் இவர்கள். தர்க்கத்தில் கருணை உண்டென்றால் அது இந்த இடத்தில்தான்.

பழுதைக் கண்டுபிடித்தேனா? பாதி. தாய்ப்பலகையில் பிராசசரைச் சுற்றி நின்ற கெபாசிட்டர்களில் ஆறின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாய்க் கசிவு காய்ந்திருந்தது. 2000களின் முதல் பாதியில் செய்த பலகைகளுக்கு இது ஒரு கொள்ளைநோய். உள்ளிருக்கும் மின்பகுதிரவம் சரியில்லாத கெபாசிட்டர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்து, இரண்டு மூன்று வருஷத்தில் உப்பி வெடித்தன. இது பதினைந்து வருஷம் தாங்கியது. குளிர்ந்திருக்கும்போது இத்தகைய கெபாசிட்டர் மின்னோட்டத்தைச் சீராகத் தராது, சூடேறினால் ஓரளவு சமாளிக்கும். காலையில் நின்று மதியம் ஓடியதற்கு அது பொருந்துகிறது. (சென்னையில் என்ன குளிர் என்று கேட்காதீர்கள். தை மாதத்து விடியற்காலை அதற்குப் போதும்.) இரண்டு வருஷம் மின்சாரத்தையே காணாமல் கிடந்ததும் அவற்றை நலிவாக்கியிருக்கும். கடல் காற்றின் உப்பும் ஈரமும் இணைப்புகளை அரித்திருக்கும். ஆறையும் மாற்றிப் பற்றவைத்துக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் முப்பது காலைகள் போட்டதில் இருபத்தெட்டு தடவை ஓடியது. இரண்டு தடவை நின்றது. அந்த இரண்டுக்கு என் நோட்டில் பதில் இல்லை.

சரி, ஸ்விட்ச்? அந்தச் சந்தில் 2012இல் தினமும் இரண்டு மணி நேரம் அறிவித்து மின்வெட்டு. அறிவிக்காமல் போனது தனி. யூ.பி.எஸ். பாட்டரி அப்போதே செத்திருந்தது. நூறு தடவைக்குமேல் அந்தப் பெட்டி அப்படித்தான் அணைந்திருக்கிறது. வட்டு வடிவமைக்கப்பட்ட முறையும் இப்படிப்பட்ட திடீர் நிறுத்தத்தில் தன் கணக்குவழக்கைக் காப்பாற்றிக்கொள்ளும் வகை. மாமியின் கை, நூற்றோராவது மின்வெட்டு. அதைக் கழுதையோடு சேர்க்க எனக்குத் தைரியம் வந்தது.

ஆனால் வட்டை ஆராய்ந்ததில் கேட்காத இன்னொன்றும் தெரிந்தது. கடைசி மொழிபெயர்ப்புக் கோப்பு அன்றைய தேதியில் மாலை 4.10க்குச் சேமிக்கப்பட்டிருந்தது. வாக்கியம் பாதியில் நின்றது. ஆம்புலன்ஸ் வந்தது ஆறு மணிக்கு என்று மாமியே சொல்லியிருந்தார். அதுவரை அவர் மேஜையில்தான் இருந்தார். இடைப்பட்ட நேரத்தில் தட்டினது ஏதாவது உண்டென்றால், அது சேமிக்கப்படாமல் ஸ்விட்ச்சோடு போயிற்று. கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொல்லலாம். கேட்காத கேள்விக்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை.

1797இல் கான்ட் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று. வள்ளுவர் அவ்வளவு கண்டிப்பில்லை. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் உட்கார வைக்கிறார், அதுவும் வாய்மை அதிகாரத்திலேயே. ரிச்சி தெருப் பையன் வள்ளுவர் கட்சி. நான் இத்தனை நாள் என்னைக் கான்ட் கட்சி என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் இரண்டு பேரும் பொய்யைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். சும்மா இருப்பதைப் பற்றி என்ன செய்வது? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பது பொய்யா? ஆறு வாரத்தில் ஐந்து வாரம் கெபாசிட்டருக்குப் போகவில்லை, இதற்குத்தான் போயிற்று. பையனின் "டஸ்ட்டு" நாலு நாள்தான் தாங்கியது என்பதும் ஞாபகத்தில் இருந்தது. பொய்யான காரணத்தால் ஆறுதல் பெற்றவர், பெட்டி மறுபடி நிற்கும்போதெல்லாம் மறுபடி குற்றவாளியாகிறார். இந்தப் பெட்டியோ முப்பதில் இரண்டு தடவை நிச்சயம் நிற்கும்.

போனேன். நோட்டுப் புத்தகத்தோடு போனேன். உப்பின கெபாசிட்டர்களை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப்போயிருந்தேன். மாமி அவற்றைப் பாக்கு உருட்டுவது போல உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மின்வெட்டைச் சொன்னேன். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், இரண்டு தடவை ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"அப்போ திரும்ப நிக்கும்னு சொல்றேள்."

"நிக்கும் மாமி. அதுக்கும் நீங்க அணைச்சதுக்கும் சம்பந்தமில்லை."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார்: "அன்னிக்கு அவர் அடிச்சதெல்லாம் இருக்கோ?"

"நாலு பத்து வரைக்கும் இருக்கு. அதுக்கு மேல அடிச்சிருந்தா, அது போயிருக்கும். ஸ்விட்ச்சை அணைச்சதுல போயிருக்கும்."

சொல்லிவிட்டேன். மாமி கெபாசிட்டர்களைக் காகிதத்தில் திருப்பி வைத்து மடித்தார்.

"நாலு மணிக்கு மேல அவர் என்னத்தை அடிச்சார்," என்றார். "காபி குடுக்கறச்சே பார்த்தேனே. சீட்டாடிண்டிருந்தார்."

எக்ஸ்பியோடு வந்த சாலிடேர். அது எதையும் சேமித்து வைப்பதில்லை. அதனால் மாமி சொன்னதை வட்டில் சரிபார்க்க வழியில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ளேர்ந்து மூடறது எப்படின்னு காட்டுங்கோ" என்றார். இடது மூலையில் இருக்கும் ஸ்டார்ட்டை அமுக்கச் சொன்னேன்.

"அணைக்கறதுக்கு ஸ்டார்ட்டையா அமுக்கணும்?"

"ஆமாம் மாமி."

சிரித்தார். எலியைப் பிடித்து அமுக்கினார். திரை கறுத்து, விசிறி நிற்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, எழுந்துபோய்ச் சுவர் ஸ்விட்ச்சை அணைத்தார்.